கார்கசோனில் ஒரு திங்கட்கிழமை: 2022 டூர் டி பிரான்ஸின் கடைசி ஓய்வு நாள் குறித்த ஆய்வு

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் அட்டவணையில் 2022 ஜூலை 18 ஆம் தேதிக்கு நேரே ‘ஓய்வு, கார்கசோன்’ என்று மட்டுமே இருக்கும். தூரம், ஏற்றம், வெற்றியாளர், நேரம் ஆகியவற்றுக்கான இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கும். போட்டியை மேலோட்டமாகப் பின்தொடர்பவர்கள் அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஆனால் மூன்று வாரப் போட்டியின் முடிவை நெருங்கிய வேளையில், மேற்கு ஐரோப்பா முழுவதையும் வாட்டிய அனல் காற்றின் நடுவே, கல் நகரம் ஒன்றில் கழிந்த அந்த ஒரு நாள் வீரர்களின் உடலில் என்ன செய்தது, எதைச் செய்ய இடம் தரவில்லை என்பது தனியே ஆராயத்தக்கது. போட்டி ஏற்பாட்டாளர்கள் வெப்பத்துக்கு எதிராக எடுத்த எல்லா நடவடிக்கைகளும் சாலைக்கே உரியவை. எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு வீரர் கழிக்கும் ஏறத்தாழ நாற்பது மணி நேரம் வெப்பம் குறித்த எந்த விதியின் கண்ணிலும் படவில்லை. இந்த ஆய்வு அந்த நாற்பது மணி நேரத்தைப் பற்றியது.

ஓய்வுக்கு முந்தைய நாள்

ஓய்வு நாளின் கதை அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. ஜூலை 17 அன்று நடந்த பதினைந்தாம் கட்டம் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) ரொடெஸ் நகரில் தொடங்கி கார்கசோனில் முடிந்தது, தூரம் 202.5 கி.மீ. வெப்பநிலை நாற்பது டிகிரியை ஒட்டி இருந்தது. நிழல் இல்லாத தார்ச்சாலையின் மேற்பரப்பு அதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதித்தது. தார் இளகி சக்கரம் வழுக்கக்கூடிய இடங்களில் தெளிப்பதற்காக ஏற்பாட்டாளர்கள் சுமார் 10,000 லிட்டர் தண்ணீரை ஆயத்தமாக வைத்திருந்தார்கள். வறட்சிக் காலத்தில் சாலையில் தண்ணீர் ஊற்றுவதா என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. வழக்கமாக ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தண்ணீர், உணவு வழங்குவதற்கு இருக்கும் தடை அன்று தளர்த்தப்பட்டது. பெண்கள் அணியும் நைலான் காலுறைகளில் பனிக்கட்டித் துண்டுகளை நிரப்பி முடிச்சுப் போட்டு, வீரர்கள் அவற்றைக் கழுத்துக்குப் பின்னே சட்டைக்குள் செருகிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் நடுவே கட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 45 கி.மீ. அளவில் இருந்தது. அந்த வெயிலில், மேடும் பள்ளமுமான மத்திய மலைநிலத்திலிருந்து இறங்கும் சாலையில், நான்கரை மணி நேரம் அந்த வேகத்தைக் காப்பது என்பது எந்தக் கணக்கிலும் சிறிதல்ல. பெல்ஜிய வீரர் யாஸ்பர் பிலிப்சன் கடைசி விரைவோட்டத்தில் வௌட் வான் ஆர்ட்டையும் மாட்ஸ் பெடர்சனையும் முந்தி, டூர் போட்டியில் தமது முதல் கட்ட வெற்றியைப் பெற்றார்.

ஒட்டுமொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டை அணிந்திருந்த டென்மார்க் வீரர் யோனாஸ் விங்ககார்டின் ஜம்போ-விஸ்மா அணிக்கு அது கெட்ட நாள். முந்தைய விபத்தின் காயங்களால் பிரிமோஷ் ரொக்லிச் அன்று காலை புறப்படவே இல்லை. ஓட்டத்தின் நடுவே ஸ்டீவன் க்ராய்ஸ்வெய்க் விழுந்து, தோள் காயத்தோடு ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டார். சில கிலோமீட்டர் தாண்டி டீஷ் பெனோட்டும் விங்ககார்டும் ஒன்றாக விழுந்து எழுந்தார்கள். அன்று மாலை அணியில் மிஞ்சியவர்கள் ஆறு பேர். அவர்களை எதிர்த்த தடெய் பொகாச்சரின் யுஏஇ அணியிலும் அப்போது ஆறு பேரே இருந்தார்கள். கோவிட் தொற்று ஏற்கெனவே இருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஒட்டுமொத்த நிலையில் விங்ககார்டுக்கும் பொகாச்சருக்கும் இடையே இருந்தது 2 நிமிடம் 22 விநாடி.

அன்றைய கட்டத்தில் என்னை மிகவும் பாதித்தது முன்னால் நடந்த போட்டியல்ல. டென்மார்க்கின் மிக்கேல் மொர்கோவ் உடல்நலம் குன்றிய நிலையில் தொடக்கத்திலேயே கூட்டத்திலிருந்து பிரிந்து, நாளின் பெரும்பகுதித் தூரத்தைத் தனியாக மிதித்தார். சைக்கிள் ஓட்டத்தில் கூட்டத்துக்குள் இருப்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறையும். தனியாக ஓட்டுபவர் அதே வேகத்துக்கு மிகக் கூடுதலான ஆற்றலைச் செலவிட வேண்டும், அதாவது மிகக் கூடுதலான வெப்பத்தையும் உடலுக்குள் உண்டாக்க வேண்டும். வெற்றியாளருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிந்தி அவர் கார்கசோனை அடைந்தார். வெற்றியாளரின் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படும் நேர வரம்பைத் தாண்டிவிட்டதால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். ஓய்வு நாளுக்கு முந்தைய கட்டத்தில் மட்டும் ஒரு வீரர் இப்படி நீண்ட நேரம் பிடிவாதமாக மிதிப்பதற்குப் பொருள் உண்டு: கோட்டை எட்டிவிட்டால் அடுத்து ஒரு முழு நாள் கிடைக்கும். ஓய்வு நாள் என்பது வீரர்களின் மனத்தில் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வெப்பத்தைத் தேக்கும் ஊர்

தெற்கு பிரான்சில் ஓத் ஆற்றின் கரையில் இருக்கிறது கார்கசோன். வடக்கே மொந்தாஞ் நுவார் என்னும் கருமலையும் தெற்கே கொர்பியேர் குன்றுகளும் பிரெனே மலையடிவாரமும் இருக்க, நடுவே அட்லாண்டிக் பக்கத்தையும் மத்தியதரைக் கடல் பக்கத்தையும் இணைக்கும் ஒரு கணவாய் போல அந்த நிலம் அமைந்திருக்கிறது. அதன் வழியே மேற்கிலிருந்து வீசும் உலர்ந்த காற்றுக்கு உள்ளூரில் ‘செர்ஸ்’ என்று பெயர். கிழக்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்றுக்கு ‘மரேன்’ என்று பெயர். எந்தக் காற்று வீசுகிறது என்பதைப் பொறுத்தே அவ்வூர் மக்கள் நாளைத் திட்டமிடுவார்கள். உலர்காற்று வீசினால் வியர்வை உடனே ஆவியாகும், உடல் குளிரும், ஆனால் நீர் இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் கூடிக்கொண்டே போகும். ஈரக்காற்று வீசினால் வியர்வை உடலிலேயே வழியும், வெப்பம் வெளியேறாது. ஓய்வெடுக்கும் வீரருக்கு இரண்டிலும் தீங்கு உண்டு, வெவ்வேறு விதமாக.

ஆற்றின் ஒரு கரையில் குன்றின் மேல் நிற்கும் கோட்டை நகரம் இரட்டை மதில்களும் ஐம்பத்திரண்டு கோபுரங்களும் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் அதைப் புதுப்பித்தார். 1997 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது. தொலைக்காட்சியின் வான்வழிக் காட்சிகளில் மனத்தைக் கவரும் அந்தக் கல், வெப்பத்தின் கணக்கில் வேறு முகம் கொண்டது. கனமான கல் பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கி இரவில் மெல்ல மெல்ல வெளிவிடும். இரண்டொரு நாள் வெயிலைக் கல் வீடு நன்றாகவே தாங்கும். ஆனால் அனல் காற்று ஒரு வாரம் நீடித்தால் சுவர் குளிர்வதற்கு இரவு போதாமல் போகிறது. பகலில் மரச் சன்னல் கதவுகளை இறுக மூடி, இருட்டிய பிறகு திறந்துவிடுவதுதான் அந்தப் பகுதி மக்களின் பழைய வழக்கம். ஓட்டல் அறையில் பிற்பகலில் படுத்து உறங்க வேண்டிய விளையாட்டு வீரருக்கு அந்த வழக்கம் காற்றில்லாத இருட்டறையைத் தருகிறது.

கீழே புதுநகரை ஒட்டி ஓடுகிறது கனால் து மிதி என்னும் கால்வாய். பதினேழாம் நூற்றாண்டில் பியேர்-போல் ரிக்கே தலைமையில் வெட்டப்பட்ட, ஏறத்தாழ 240 கி.மீ. நீளமுள்ள அந்தக் கால்வாயின் இரு கரையிலும் பிளேன் மரங்கள் வரிசையாக நின்று நிழல் தந்தன. 2006 முதல் பூஞ்சை நோய் ஒன்று பரவி, பல்லாயிரம் மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன. ஓய்வு நாளில் மெதுவாக மிதிக்கப் போகும் வீரர் தேடுவது சமதளமும் நிழலும் உள்ள சாலையைத்தான். நிழல் என்பது இந்தப் பகுதியில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவரும் செல்வம்.

அந்தத் திங்கட்கிழமை பிரான்சின் அனல் காற்று உச்சத்தை எட்டிய நாளாகவும் இருந்தது. நாந்து நகரில் 42.0 டிகிரி, எப்போதும் குளிர்ந்திருக்கும் பிரெஸ்ட் துறைமுகத்தில் 39.3 டிகிரி, பிஸ்கரோஸில் 42.6 டிகிரி எனப் பதிவான அளவுகள் அவ்வூர்களின் முந்தைய உச்சங்களைக் கடந்தன. போர்தோவுக்கு அருகே ஜிரோந்து பகுதியில் பைன் காடுகள் ஒரு வாரமாக எரிந்துகொண்டிருந்தன. மறுநாள் இங்கிலாந்து வரலாற்றிலேயே முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அன்று மிகக் கொடிய வெப்பம் அட்லாண்டிக் கரையில்தான் இருந்தது, கார்கசோனில் அல்ல. ஆனால் வீரர்களின் உடலுக்கு அந்த வேறுபாடு பெரிதல்ல. அவர்கள் வெப்பத்தை ஞாயிற்றுக்கிழமையே உடலுக்குள் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

உடலின் வரவு செலவு

ஒரு வீரர் 200 வாட் அளவில் மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனிதத் தசை தான் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக மட்டுமே மிதியில் செலுத்துகிறது, மீதி வெப்பமாகிறது. ஆகவே 200 வாட் மிதிக்கு ஏறத்தாழ 700 வாட் வெப்பம் உடலுக்குள் உருவாகிறது. காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் அதில் ஒரு பகுதியைக் காற்றே எடுத்துக்கொண்டு போகும். காற்று நாற்பது டிகிரியில் இருக்கும்போது அது வெப்பத்தை எடுப்பதற்குப் பதிலாகக் கொடுக்கிறது. எஞ்சிய ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். கணக்குப் போட்டால் உடலில் உண்டாகும் வெப்பத்தை மட்டும் வெளியேற்றவே மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் ஆவியாக வேண்டும். சொட்டி வீணாகும் வியர்வையையும் வெயில் ஏற்றும் வெப்பத்தையும் சேர்த்தால் மணிக்கு ஒன்றரை லிட்டர் என்பது மிகையான மதிப்பீடு அல்ல. குடல் உறிஞ்சக்கூடிய நீரோ பலருக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவில் நின்றுவிடும். எத்தனை தண்ணீர் பாட்டில்களைக் காரிலிருந்து நீட்டினாலும், நான்கரை மணி நேர முடிவில் உடல் ஒன்றிரண்டு கிலோ எடை குறைந்தே கோட்டைத் தாண்டும்.

ஓய்வு நாளின் முதல் வேலை இந்தக் கடனை அடைப்பது. இழந்த எடைக்குச் சமமாகக் குடித்தால் போதாது. குடித்ததில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும் என்பதால், இழந்ததைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு குடிக்க வேண்டும். அதோடு உப்பும் சேர வேண்டும். வியர்வையில் லிட்டருக்குச் சராசரியாக ஒரு கிராம் அளவில் சோடியம் இருக்கிறது, ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறும். ஆறு லிட்டர் வியர்த்தவர் ஆறு கிராம் சோடியத்தை, அதாவது பதினைந்து கிராம் சமையலுப்பை இழந்திருக்கிறார். வெறும் தண்ணீரை மட்டும் அவசரமாக ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தாகம் தணிந்தது போலத் தோன்றும். ஆனால் உடல் நீரை வைத்துக்கொள்ளாது. அணிச் சமையற்காரர்கள் சோற்றிலும் சூப்பிலும் உப்பைத் தாராளமாகச் சேர்ப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது கடன் தசைச் சர்க்கரை. டூர் போட்டியில் ஒரு வீரர் அடிப்படைத் தேவையைப் போல நான்கு முதல் ஐந்து மடங்கு ஆற்றலை நாள்தோறும் செலவிடுகிறார். வெப்பத்தில் தசை சர்க்கரையை இன்னும் வேகமாக எரிக்கும், பசியோ மங்கிவிடும். காலியான தசைச் சேமிப்பு நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும். எனவே அந்தத் திங்கட்கிழமை பெரும்பாலான வீரர்களுக்குச் சாப்பிடுவதே வேலையாக இருந்திருக்கும். பசி இல்லாமல் சாப்பிடுவது எவ்வளவு அலுப்பான வேலை என்பதை நீண்ட காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு. அதைக் கடன் என்று சொல்ல முடியாது. பல நாள் வெயிலில் உழைத்த உடல் தன் இரத்த நீர்மத்தின் அளவைக் கூட்டிக்கொள்கிறது. வெப்பத்துக்குப் பழகுதல் என்று உடலியலாளர்கள் சொல்வதன் முக்கியமான பகுதி இதுவே: இதயம் ஒரு துடிப்பில் கூடுதலான இரத்தத்தை அனுப்பும், வியர்வை முன்னதாகவே தொடங்கும், அதில் உப்பு குறையும். ஓட்டம் திடீரென நின்றவுடன் இந்தக் கூடுதல் நீர்மம் காலில் தேங்கியது போன்ற கனத்தை உண்டாக்குகிறது. ஓய்வு நாளுக்கு மறுநாள் காலையில் கால்கள் மரத்துப்போனது போல இருக்கின்றன என்று வீரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவதற்கு இதையும் ஒரு காரணமாகக் கருதலாம்.

அதனால்தான் ஓய்வு நாளில் அவர்கள் ஓய்வெடுப்பதில்லை. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் சைக்கிள் மிதிப்பது எல்லா அணிகளிலும் வழக்கம். பெரும்பாலும் மிக மெதுவாக, நடுவில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து பேசிவிட்டு, முடிவில் சிலர் இரண்டு மூன்று முறை மூச்சு வாங்கும் வேகத்தில் ஓட்டிவிட்டுத் திரும்புவார்கள். குளிர்ந்த ஊரில் இதை எந்த நேரத்திலும் செய்யலாம். வெயில் நகரத்திலோ, விடிந்த கையோடு புறப்பட்டால்தான் உண்டு. புறப்பட்டால், மூன்று வாரத்தில் காலை உறக்கத்துக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு போய்விடும். தாமதமாகப் புறப்பட்டால் மீண்டும் வியர்வை, மீண்டும் கடன். உறங்குவதா மிதிப்பதா என்ற இந்தச் சிறிய முடிவில்தான் அணி மருத்துவரும் பயிற்சியாளரும் உண்மையில் மோதிக்கொள்ளும் இடம் இருக்கிறது.

அன்றைய நாளின் மற்ற வேலைகளும் சிறியவை அல்ல. கோவிட் சோதனை, செய்தியாளர் சந்திப்பு, ஆதரவு நிறுவனங்களின் விருந்தினர், உடல்பிடிப்பு மேசையில் ஒரு மணி நேரம் என்று பொழுது கரையும். விங்ககார்டைப் போல முந்தைய நாள் விழுந்தவர்களுக்குச் சிராய்ப்புக் காயங்களைச் சுத்தம் செய்து கட்டும் வேலையும் உண்டு. தோல் உரிந்த இடத்தில் வியர்வை படும்போது உண்டாகும் எரிச்சலோடு புழுக்கத்தில் ஒருக்களித்துப் படுப்பது எப்படி இருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அறை

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். இரவில் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்குவதுதான் ஆழ்ந்த உறக்கத்தின் வாசல். அறை வெப்பமாக இருந்தால் அந்த இறக்கம் நிகழாது. உறக்கம் துண்டு துண்டாகும், ஆழ்ந்த உறக்கம் குறையும். தசை பழுதுபார்க்கப்படுவதும் நோய் எதிர்ப்பு மீள்வதும் பெரும்பாலும் அந்த ஆழ்ந்த உறக்கத்தில்தான். பகலில் நாற்பது டிகிரியைத் தாங்க முடிந்த உடல், இரவில் குளிராத அறையைத் தாங்குவதில்லை. இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பிரெஞ்சு வானிலையாளர்கள் அதை ‘வெப்பமண்டல இரவு’ என்று அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட இரவுகள் அங்கே பெருகிவருகின்றன.

டூர் போட்டியில் எந்த அணி எந்த ஓட்டலில் தங்க வேண்டும் என்பதை ஏற்பாட்டாளர்களே ஒதுக்குகிறார்கள். மூன்று வாரத்தில் எல்லா அணிகளுக்கும் நல்லதும் சுமாரும் கலந்து கிடைக்கும்படி அது பங்கிடப்படும். வீரர்கள், அணிப் பணியாளர்கள், ஊடகத்தினர், விளம்பர வண்டிகள் என நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் வந்திறங்கும் போட்டிக்கு, கார்கசோன் போன்ற நடுத்தர ஊரில் அறை கிடைப்பதே பெரிது. நெடுஞ்சாலை ஓரத்துச் சிக்கன ஓட்டல்களும் அதில் அடங்கும். பிரான்சில் குளிர்சாதன வசதி எல்லா ஓட்டல்களிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

2015 இல் பிரிட்டனின் ஸ்கை அணி, இத்தாலியின் மூன்று வாரப் போட்டியான ஜிரோ டி இத்தாலியாவில் தன் தலைமை வீரர் ரிச்சி போர்ட்டைத் தனி வீட்டு வண்டியில் உறங்க வைத்தது. ஒவ்வொரு இரவும் அதே மெத்தை, அதே குளிர், அதே அமைதி. அடுத்த மாதமே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அதைத் தடை செய்தது. ஏற்பாட்டாளர் தரும் ஓட்டலிலேயே வீரர் தங்க வேண்டும் என்பது விதியானது. எல்லோருக்கும் ஒரே நிலை வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். காரணத்தை நான் மறுக்கவில்லை, அதன் விளைவைத்தான் சுட்டிக்காட்டுகிறேன். தடைக்குப் பிறகு வசதியுள்ள அணிகள் மெத்தைகளையும் தலையணைகளையும் கையடக்கக் குளிர்சாதனப் பெட்டிகளையும் லாரியில் ஏற்றி, வீரர்கள் வருவதற்கு முன்பே அறைகளில் பொருத்தத் தொடங்கின. வசதி குறைந்த அணிகளால் அதே அளவுக்கு அது இயலாது. வீட்டு வண்டியை நிறுத்திய விதி, சமத்துவத்தை அறைக்குள் கொண்டுவரவில்லை.

குளிர்சாதன அறையில் ஒரு நாள் கழித்தால் வெயிலுக்குப் பழகிய உடல் அந்தப் பழக்கத்தை இழந்துவிடும் என்ற அச்சம் சைக்கிள் உலகில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. பழைய தலைமுறை இயக்குநர்கள் காரில்கூடக் குளிர்சாதனத்தை அணைக்கச் சொன்னார்கள். இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகிறது, அந்தப் பழக்கம் கரையவும் நாள்கள் பல ஆகும். ஒரு பகலும் இரண்டு இரவும் குளிரில் கிடந்தால் இழப்பு மிகச் சிறிது. கிடைக்கும் உறக்கமோ மிகப் பெரிது.

அடுத்த ஆறு நாள்கள்

ஜூலை 19 செவ்வாய்க்கிழமை, கார்கசோனிலிருந்து ஃபுவா வரை 178.5 கி.மீ. வெயில் குறையவில்லை. கனடாவின் ஹியூகோ ஊல் தனியே முந்திச் சென்று வென்றார். விபத்தில் மறைந்த தம் தம்பிக்கு அந்த வெற்றியைப் படைத்தார். 1988 இல் ஸ்டீவ் பாவர் வென்ற பிறகு கனடா வீரர் ஒருவர் டூர் கட்டத்தை வெல்வது அதுவே முதல்முறை. பொகாச்சர் போர் து லெர்ஸ் ஏற்றத்தில் தாக்கிப் பார்த்தார், விங்ககார்டு ஒட்டிக்கொண்டே இருந்தார்.

ஆனால் இந்த ஆய்வுக்கு வேண்டியது பின்னால் நடந்தவை. ஒட்டுமொத்த நிலையில் நான்காவதாக இருந்த பிரெஞ்சு வீரர் ரொமாங் பார்டே பெகேர் ஏற்றத்தில் பின்தங்கி ஒன்பதாம் இடத்துக்கு இறங்கினார். யுஏஇ அணியின் மார்க் சோலேர் வயிற்றுக் கோளாறால் நாள் முழுவதும் தனியே தவித்து, நேர வரம்பைத் தாண்டி நீக்கப்பட்டார். அதே அணியின் ரஃபாவ் மைக்கா, ஏற்றத்தில் சங்கிலி தந்த தொல்லையால் தொடைத் தசை காயமுற்று, மறுநாள் புறப்படவில்லை. ஓய்வு நாளில் ஆறுக்கு ஆறு என்று இருந்த கணக்கு, புதன்கிழமை காலை ஆறுக்கு நான்கு என்றானது.

இவற்றில் எதையும் ஓய்வு நாளின் வெப்பத்தின் மீது நேரே சுமத்துவது நேர்மையாகாது. மைக்காவுக்கு நேர்ந்தது இயந்திரக் கோளாறு. வயிற்றுக் கோளாறுக்குப் பத்துக் காரணங்கள் இருக்கலாம். இருந்தாலும் உடலியல் தெரிவிக்கும் ஒரு செய்தியை இங்கே வைக்க வேண்டும்: வெப்பத்தில் உழைக்கும்போது இரத்தம் தோலுக்கும் தசைக்கும் திருப்பப்படுவதால் குடலுக்குச் செல்லும் இரத்தம் வெகுவாகக் குறைகிறது, குடற்சுவரின் காப்பு தளர்கிறது, பல நாள் தொடர்ந்தால் அது முழுமையாக ஆறுவதற்கு இடம் கிடைப்பதில்லை. முந்நூறு வாட்டில் மிதிக்கும் கால்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாம் வாரத்தில் போட்டியைத் தீர்மானிப்பது பல நேரங்களில் வயிறு.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். புதன்கிழமை பெய்ராகூட் மலையில் பொகாச்சர் வென்றார். நால்வராகக் குறைந்த அணியில் மிக்கெல் பியர்கும் பிராண்டன் மெக்நல்ட்டியும் அன்று ஆற்றிய உழைப்பு மறக்கத்தக்கதல்ல. மறுநாள் ஓட்டாகாம் மலையில் விங்ககார்டு 1 நிமிடம் 4 விநாடி முந்தி வென்று போட்டியை முடித்துவைத்தார். அன்றைய ஏற்றத்தில் பொகாச்சருக்குத் துணை யாருமில்லை, விங்ககார்டுக்கோ அணித்தோழர்கள் செப் கஸ்ஸும் வான் ஆர்ட்டும் இருந்தார்கள். ஜூலை 24 அன்று பாரிசில் மொத்த வேறுபாடு 2 நிமிடம் 43 விநாடி. கார்கசோனில் வென்ற பிலிப்சனே பாரிசின் ஷான்ஸ்-எலிசேயிலும் வென்றார்.

விதி பார்க்கும் இடம், பார்க்காத இடம்

தண்ணீரைப் பற்றிய விதிகள் இந்தப் போட்டியில் எப்படி மாறின என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1967 ஜூலை 13 அன்று மோன் வாந்தூ மலையில் பிரிட்டன் வீரர் டாம் சிம்ப்சன் சுருண்டு விழுந்து இறந்த காலத்தில், வீரர் குடிக்கும் நீருக்கே கட்டுப்பாடு இருந்தது. வழியோரக் கடைகளில் புகுந்து கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடுவது வழக்கமாக இருந்தது. அவர் உடலில் ஊக்க மருந்தும் மதுவும் இருந்தன, வெயிலும் இருந்தது. அந்த நிலையிலிருந்து, பனிக்கட்டியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கையில் கொடுக்கும் காலத்துக்கு வந்திருப்பது பெரிய தூரம்.

2016 இல் சர்வதேச சம்மேளனம் கடும் வானிலை நெறிமுறையைக் கொண்டுவந்தது. 2024 இல் உயர் வெப்பத்துக்கென்றே தனி நெறிமுறை வந்தது. அது வெறும் காற்று வெப்பநிலையைப் பார்ப்பதில்லை; ஈரப்பதம், வெயிலின் கதிர்வீச்சு, காற்று மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் ஈரக்குமிழ்-கோள வெப்பக் குறியீட்டைப் பயன்படுத்துகிறது. அதில் நனைந்த துணி சுற்றிய வெப்பமானிக்குப் பத்தில் ஏழு பங்கும், கருங்கோள வெப்பமானிக்கு இரண்டு பங்கும், சாதாரண வெப்பமானிக்கு ஒரு பங்கும் இடம் உண்டு. குறியீடு ஏற ஏற, நிழலில் காத்திருப்பு, கூடுதல் பனிக்கட்டி, புறப்படும் நேர மாற்றம், கட்டத்தைச் சுருக்குதல் அல்லது கைவிடுதல் வரை நடவடிக்கைகள் நீள்கின்றன. இது நல்ல விதி. ஆனால் அதன் பார்வை போட்டி நடக்கும் நேரத்தின் மீதே இருக்கிறது.

அந்தப் பார்வை இரவு அறை வரை நீள வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. அனல் காற்று முன்னறிவிக்கப்பட்ட வாரங்களில், ஒதுக்கப்படும் ஒவ்வோர் ஓட்டல் அறையிலும் இரவு பத்து மணிக்கு வெப்பநிலை எவ்வளவு என்று அளந்து பதிவு செய்யலாம். குறிப்பிட்ட அளவைத் தாண்டிய அறைகளுக்குக் குளிர்சாதனப் பெட்டியை ஏற்பாட்டாளரே எல்லா அணிகளுக்கும் சமமாக வழங்கலாம். அணியின் பணப்பையைப் பொறுத்து உறக்கம் அமைவதை அது நிறுத்தும். ஓய்வு நாளின் செய்தியாளர் சந்திப்புகளையும் சோதனைகளையும் பிற்பகலுக்கு நகர்த்தி, காலை ஆறு முதல் ஒன்பது வரை சாலைக்கும் அதற்கு முந்தைய நேரத்தை உறக்கத்துக்கும் விட்டுவைக்கலாம். கடைசி ஓய்வு நாளை எந்த ஊரில் வைப்பது என்பதையும் வெப்பத்தின் கணக்கோடு சேர்த்து முடிவு செய்யலாம். கார்கசோன் அந்த நாளுக்கு இடமளித்தது 2022 இல் முதல்முறை அல்ல. 2018 ஜூலை 23 அன்றும் அங்கேதான் ஓய்வு. 2019 இல் அனல் காற்று வீசிய வாரத்தில் கடைசி ஓய்வு நாள் நீம் நகரில் கழிந்தது. மறுநாள் நீமிலேயே தொடங்கி நீமிலேயே முடிந்த கட்டமும் கடும் வெயிலில் ஓடியது. 2025 இல் வீரர்கள் மீண்டும் ஜூலை இருபதாம் தேதி கார்கசோனுக்குள் ஓடி வந்து, ஓய்வுக்காக மொன்பெலியே நகருக்குச் சென்றார்கள். அது கடலுக்கு அருகிலுள்ள ஊர். பகல் வெப்பம் உள்நாட்டைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம், இரவில் ஈரக்காற்று அறைக்குள்ளேயே நிற்கும். ஓய்வுக்கு மறுநாள் அவர்கள் ஏற வேண்டியிருந்த மலை மோன் வாந்தூ.